நடந்து ஏறும் ஏழுமலை

திருமலைக்கு வண்டி செல்லும் மலைச்சாலை அமைந்தது 1944ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு வேங்கடவனைத் தரிசிக்க வேண்டுமாயின் ஏழைக்கும் செல்வர்க்கும் நடைபாதை ஒன்றே வழி. இயலாதவர்களை டோலியில் சுமந்து சென்றனர். நம் பாட்டனாரும் பாட்டியாரும் தாம் மலையேறியதை ஒரு சாதனையாகச் சொல்லிக் கேட்டதில்லை. கிணற்றில் நீர் இறைத்து, வயலுக்கும் வீட்டுக்கும் நாள்தோறும் நடந்து, உரலிலும் அம்மியிலும் உழைத்த உடல்கள் அவை. அலிபிரி வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே அவர்களுடைய கால்கள் பயிற்சி பெற்றிருந்தன.

நம் நிலை வேறு. முப்பது, நாற்பது ஆண்டுகள் அலுவலக நாற்காலியிலும் அடுக்களையிலும் கழிந்து, பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகு, அறுபதை ஒட்டிய வயதில்தான் பலருக்கும் அந்த எண்ணம் தோன்றுகிறது: “இத்தனை முறை பேருந்தில் போய்விட்டோம், ஒருமுறையாவது நடந்து போக வேண்டும்.” சிலருக்கு அது பேரனின் உடல்நலத்துக்காக நேர்ந்துகொண்ட பிரார்த்தனை. சிலருக்குத் தாயார் வைத்துவிட்டுப் போன பாக்கி. மலையேறிப் பழக்கமே இல்லாத இத்தகைய அன்பர்கள் முதல்முறை எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதை எண்ணியே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் ஒரு கசப்பான செய்தியைச் சொல்லிவிடுவது முறை. 60 வயதைக் கடந்து, சர்க்கரை, இரத்த அழுத்தம், வலிப்பு, மூட்டு நோய் ஆகியவற்றால் வருந்துவோர் நடைபாதையில் வர வேண்டாம் என்று திருமலை திருப்பதி தேவஸ்தானமே 2024இல் அறிவுறுத்தியது. இதய நோயும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கும், மிகுந்த உடற்பருமன் உள்ளவர்களுக்கும் அதே அறிவுரை. இதைப் படித்ததும் நம்மில் பாதிப்பேர், “பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குவோம். அவர் பார்த்துக்கொள்வார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த எச்சரிக்கையை எழுதச் செய்ததும் அவருடைய கருணைதான் என்று ஏன் கொள்ளக்கூடாது? பாதி வழியில் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தவர்களின் குடும்பங்கள் பட்ட துயரம்தான் அறிவுரையாக அச்சேறியிருக்கிறது.

ஆகவே பயணத்தின் முதல் படி அலிபிரியில் இல்லை. நமது மருத்துவரின் அறையில் இருக்கிறது. “திருப்பதிக்கு நடந்து போகலாமா?” என்று பொதுவாகக் கேட்டால், “மெதுவாகப் போங்கள்” என்று பொதுவாகவே விடை வரும். “சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படிகள், நான்கைந்து மணி நேரம், ஏறலாமா?” என்று எண்களோடு கேட்க வேண்டும். அப்போதுதான் அவர் இதயத்தைச் சோதிப்பார். முழங்காலை மடக்கிப் பார்ப்பார். சர்க்கரை உடையவர்கள் பாத உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் வெயிற்கல் சுடுவதும் தெரியாது, முள் தைப்பதும் தெரியாது. அத்தகையோர் வெறுங்காலுடன்தான் ஏறுவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல், தடித்த காலுறையேனும் அணிவது நல்லது. அன்றைய மாத்திரையைப் பட்டினியுடன் எவ்வாறு உட்கொள்வது, அல்லது பட்டினியே கூடாதா என்பதும் கேட்டறிய வேண்டிய செய்தி. விரதம் என்று உணவை நிறுத்திவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு ஏறத் தொடங்குவது மிக ஆபத்தானது.

என் தமக்கையார் அரக்கோணத்தில் வசிக்கிறார். வயது அறுபத்தாறு. அவருடைய கணவர் நான்கு ஆண்டு மூத்தவர். மகளுக்குக் குழந்தை நலமாகப் பிறந்தால் இருவரும் நடந்து மலையேறுவதாக நேர்ந்துகொண்டிருந்தனர். குழந்தை பிறந்தது. மருத்துவரிடம் சென்றபோது தமக்கையாருக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் ஏறலாம் என்று அனுமதி கிடைத்தது. அத்தானுக்கு முன்பே இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். கண்டிப்பாகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லையாம். “வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றுகிறேனே” என்பதே அவருடைய வருத்தம். அவர் என்ன செய்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மூன்று மாதம் தமக்கையார் செய்ததை அப்படியே பின்பற்றலாம் என்று துணிந்து கூறுவேன். முதல் மாதம் சமதளத்தில் நடை மட்டும். காலையில் இருபது நிமிடத்தில் தொடங்கி, மாத முடிவில் ஒரு மணி நேரம். ஊர்க்கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதையே நடையாக அமைத்துக்கொண்டார். ஆனால் சமதள நடை போதாது. திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை எளிதாக முடிப்பவர்கள்கூட நூறு படி ஏறியதும் இளைப்பதைக் கண்டிருக்கிறோம். நடக்கும் கால் வேறு, ஏறும் கால் வேறு. எனவே இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதும். முழங்காலில் வலி தோன்றினால் அன்று ஓய்வு.

அதன் பிறகு மலைகள். நம் தமிழ்நாட்டில் முருகனும் நரசிம்மரும் நமக்கென்றே படிவகுத்து வைத்திருப்பதுபோல் குன்றுகள் அமைந்திருக்கின்றன. சுவாமிமலையில் தமிழ் வருடங்கள் அறுபதையும் குறிக்கும் 60 படிகள். திருத்தணியில் ஆண்டின் நாட்களைப் போல் 365. பழநியில் 693. சோளிங்கபுரத்தில் யோக நரசிம்மர் வீற்றிருக்கும் பெரியமலைக்கு 1,305. இவற்றைத் தத்தம் ஊருக்கு ஏற்பத் தேர்ந்து ஒவ்வொன்றாக ஏறிப் பார்ப்பது பயிற்சியும் ஆகும், தரிசனமும் ஆகும். அரக்கோணத்தாருக்குத் திருத்தணியும் சோளிங்கபுரமும் அருகில். தமக்கையார் திருத்தணிக்கு நான்கு கிருத்திகை போன்ற விசேஷம் இல்லாத நாட்களாகப் பார்த்துச் சென்றார். சோளிங்கபுரம்தான் உண்மையான தேர்வு. அங்கே 1,305 படிகளை இளைப்பாறி இளைப்பாறி ஏறி, மறுநாள் எழுந்து வீட்டு வேலை செய்ய முடிந்தால், அலிபிரியைப் பற்றி எண்ணலாம். முடியாவிட்டால் மேலும் ஒரு மாதம் பொறுக்கலாம். (அங்குள்ள குரங்குகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். கையில் தின்பண்டமோ, தொங்கும் பையோ இல்லாமல் செல்வது உத்தமம்.)

இறங்குவதைப் பற்றி ஒரு சொல். ஏறுவது மூச்சைச் சோதிக்கும். இறங்குவது முழங்காலைச் சோதிக்கும். ஒவ்வொரு படியிலும் நம் எடை முழுவதும், அதைவிடப் பன்மடங்காக, முன்காலின் மூட்டில் வந்து விழுகிறது. பழநியில் நடந்து ஏறிவிட்டு மின் இழுவை ரயிலிலோ ரோப் காரிலோ இறங்குவதில் ஒரு குறையும் இல்லை. சோளிங்கபுரத்திலும் இப்போது ரோப் கார் வந்துவிட்டது. திருமலையிலிருந்து நடந்து இறங்க வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்வதில்லை. திரும்புவது பேருந்தில் என்று முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. புரட்டாசிச் சனிக்கிழமைகளும் வைகுண்ட ஏகாதசியும் பழகியவர்களுக்கு. முதல்முறை செல்வோர் அந்தக் கூட்டத்தில் தம் வேகத்தில் நடக்க இயலாது. பின்னால் வருபவர் வேகமே நம் வேகமாகிவிடும். சித்திரை, வைகாசியின் வெயில் இளைஞர்களையே வாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் ஸ்ரீவாரி மெட்டுப் பாதை சிதைந்து பல மாதம் மூடிக் கிடந்தது. தை, மாசி மாதத்தின் ஒரு சாதாரணப் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ நமக்குப் போதும்.

ஸ்ரீவாரி மெட்டு என்றதும் சிலர் கேட்கலாம்: அது 2,388 படிகள்தானே, இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தானே, அதுவே எளிதாயிற்றே என்று. சீனிவாச மங்காபுரம் பக்கமிருந்து, பத்மாவதித் தாயாரை மணந்த பெருமான் மலையேறிய வழி என்று போற்றப்படும் பாதை அது. தொலைவு குறைவுதான், ஆனால் கால் ஆறுவதற்குச் சமதளம் அங்கே அரிது. அலிபிரிப் பாதை நீண்டதாயினும் நடுவில் நெடுந்தூரம் ஏறக்குறைய சமமாகச் செல்கிறது, மேற்கூரை உண்டு, கடைகளும் குடிநீரும் உண்டு, 1,500ஆவது படி, காலி கோபுரம், பாஷ்யகாரர் சன்னதி ஆகிய இடங்களில் மருத்துவ உதவிக்கும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நேரமிருப்பவர்களுக்கு அலிபிரியே மேல் என்பது என் கருத்து.

அந்த இடத்தின் பெயரையே சற்று எண்ணிப் பார்க்கலாம். அடிவாரத்தில் நின்ற புளியமரத்தை வைத்து ‘அடிப்புளி’ என்று வழங்கியதே அலிபிரி ஆயிற்று என்று வைணவப் பெரியோர் சொல்வதுண்டு. திருமலையில் தீர்த்த கைங்கரியம் செய்துவந்த திருமலைநம்பி, தம் மருமகனாகிய இராமாநுசருக்கு இராமாயணப் பொருளை உபதேசித்தது இந்த அடிவாரத்தில்தான். மலையே ஆதிசேஷன் திருமேனி என்று அஞ்சி இராமாநுசர் அதில் கால் வைக்கத் தயங்கியதால், நம்பிதான் இறங்கி வருவாராம். உபதேசத்தில் பொழுது போய், உச்சிக்காலத் தரிசனம் தவறுகிறதே என்று நம்பி ஒருநாள் வருந்தினார். அப்போது பெருமான் அங்கேயே தம் திருவடிகளைக் காட்டி அருளினார் என்பது வரலாறு. அந்தத் திருவடித் தலமே இன்று மலைப்பாதையின் தொடக்கத்தில் நாம் காணும் ஸ்ரீபாத மண்டபம்.

இங்கே பெருமானின் உலோகப் பாதுகைகளைத் தலையில் சுமந்து வலம்வருவது வழக்கம். என் அத்தான் அதைத்தான் செய்தார். விடியற்காலை நாங்கள் மூவரும் அங்கே நின்றோம். பாதுகைகளைச் சிரமேற்கொண்டு அவர் மெல்ல வலம்வந்தார். முதற்படியில் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் ஏற்றி, நெற்றி படியில் பட வணங்கினார். பிறகு, “நம்பிக்காக அவரே இங்கு வந்தாராமே; எனக்கும் அது போதும்” என்று சொல்லிவிட்டு, எங்கள் மூட்டையையும் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தார். அவர் முகத்தில் மூன்று மாதமாக இருந்த வாட்டம் அப்போது இல்லை. மருத்துவர் அனுமதி மறுத்த அன்பர்கள் ஒவ்வொருவருக்கும் இந்த மண்டபத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சுமை எதுவும் கையில் இருக்கலாகாது. அடிவாரத்தில் மூட்டைகளைப் பெற்று மேலே சேர்ப்பிக்கும் வசதியைத் தேவஸ்தானம் செய்திருக்கிறது. நாம் வைத்திருக்க வேண்டியவை ஒரு சிறு குப்பி நீர், அன்றைய மாத்திரைகள், சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள வெல்லமோ மிட்டாயோ, கைபேசி, வீட்டார் எண்ணும் மருந்து விவரமும் எழுதிய ஒரு சீட்டு. இளையவர் ஒருவர் துணையாக வருவது அவசியம். அவர் நம் வேகத்தில் நடக்க ஒப்புக்கொண்டவராக இருக்க வேண்டும் என்பது அதைவிட அவசியம்!

மண்டபத்திலிருந்து காலி கோபுரம் வரை உள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் படிகளே இப்பாதையின் கடினமான பகுதி. முதல்முறை வருவோர் எல்லோரும் தடுமாறுவது முதல் முந்நூறு படிகளில்தான். உற்சாகத்தில் விரைந்து ஏறி, அரைமணிக்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இதற்குப் பெரியோர் வைத்த அளவுகோல் ஒன்று உண்டு. “கோவிந்தா! கோவிந்தா!” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். குரல் தெளிவாக எழும்வரை நம் வேகம் சரி. நாமம் பாதியில் அறுபட்டால் மூச்சு போதவில்லை என்று பொருள். உடனே நின்றுவிட வேண்டும். மருத்துவர்களும் நடப்போருக்கு ‘பேச முடிகிற வேகத்தில் நடங்கள்’ என்றே சொல்கிறார்கள்.

ஐம்பது படிக்கு ஒருமுறை நிற்பது என்று தமக்கையார் கணக்கு வைத்தார். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு ஏறும் பெண்மணிகள் பக்கத்தில் வந்தார்கள். குனிந்து நிமிர்ந்து ஏறிய அவர்களுக்குத் தோற்று நாங்கள் பின்தங்கினோம். 1,500ஆவது படியில் நீண்ட ஓய்வு. திரும்புவதாயின் அங்கேயே முடிவு செய்வது நல்லது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். மார்பில் பாரம், இடக்கையில் வலி, குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்றல் இவற்றுள் எது தோன்றினாலும் இன்னும் கொஞ்ச தூரந்தானே என்று எண்ணக்கூடாது. அமர்ந்துவிட்டு உதவிக்கு அழைக்க வேண்டும். அவ்வாறு எதுவும் இல்லாததால் தொடர்ந்தோம்.

காலி கோபுரம் என்றால் வெறுமையான கோபுரம் என்று நாம் தமிழில் பொருள் கொள்கிறோம். தெலுங்கில் ‘காலி’ என்றால் காற்று. அங்கே போய் நின்றதும் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது தெரிந்துவிடும். வியர்வை உலர, கீழே திருப்பதி நகரம் சிறுத்துத் தெரிய, அரைமணி நேரம் அங்கு அமர்ந்திருந்தோம். இட்டிலி உண்டோம்.

அதன்பின் பாதை இரக்கம் காட்டுகிறது. படிகள் குறைந்து, காடு நெருங்கி, மான் பூங்காவைக் கடந்து, ஏழாவது மைலில் ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயரை வணங்கி, நரசிம்மர் கோயிலில் சற்று அமர்ந்து செல்லலாம். இந்த இடங்களில் காட்டு விலங்குகளின் நடமாட்டம் உண்டு. 2023 ஆகஸ்டில் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற கொடுமை நடந்தபின், சிறுவர்களை அழைத்துச் செல்லும் நேரத்துக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். கூட்டமாகச் செல்லும்படியும் அறிவுறுத்தினார்கள். பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோர் நேர விதிகளையும், நடந்து வருவோருக்கான தரிசன ஏற்பாடுகளையும் புறப்படும் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். இவை அடிக்கடி மாறுகின்றன.

கடைசியில் வருகிறது முழங்கால் மெட்டு. தெலுங்கில் ‘மோகாள்ள மெட்டு’. நெடுநேரம் சமமாக நடந்து கால் தளர்ந்திருக்கும் வேளையில் மீண்டும் செங்குத்தாகப் படிகள். சேஷன் மீது பாதம் படலாகாது என்று இராமாநுசர் முழங்காலால் ஏறிய இடம் இது என்பர். அவருக்கு இங்கே சன்னதி இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அன்னமாச்சாரியார் சிறுவனாக வீட்டைவிட்டு வந்து முதன்முதலில் மலையேறியபோது களைத்து விழுந்ததும் இங்கேதான். பசியோடு, காலில் செருப்போடு ஒரு பாறைமேல் உறங்கிவிட்ட பிள்ளைக்குத் தாயார் கனவில் வந்து பிரசாதம் ஊட்டி, “செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு, மலையின் வடிவம் தெரியும்” என்றாளாம். ஆயிரக்கணக்கான கீர்த்தனைகள் பாடப்போகிறவரும் முதல்முறை பசியோடு ஏறிப் பாதியில் விழுந்தவர்தான் என்பது எங்களுக்கு அப்போது மிகுந்த ஆறுதலாக இருந்தது. தமக்கையார் அந்தப் படிகளைப் பத்துப் பத்தாக ஏறினார். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு கோவிந்த நாமம். குரல் மெலிந்திருந்ததே தவிர அறுபடவில்லை.

மொத்தம் ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. இளைஞர்கள் மூன்று மணியில் ஏறிவிடுகிறார்கள். மேலே பாதை முடியும் இடத்தில் அத்தான் மோர்ப் பொட்டலங்களோடு காத்திருந்தார்.

ஏறி முடித்ததும் நேரே தரிசன வரிசைக்குச் செல்வது பலரும் செய்வது. முதியவர்களுக்கு அது உகந்ததன்று. வரிசையில் பல மணி நேரம் நிற்கவோ அமரவோ நேர்ந்தால் களைத்த கால்கள் விறைத்துப்போகும். அறையை முன்பே பதிவு செய்துகொண்டு, அன்று உப்பிட்ட மோரும் எளிய உணவும் உண்டு, கால்களைச் சற்று உயர்த்தி வைத்து உறங்கிவிட வேண்டும். தொடைவலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் மிகும்; அஞ்ச வேண்டியதில்லை. மறுநாள் காலை நாங்கள் புஷ்கரிணியில் நீராடி, மரபுப்படி முதலில் வராகசுவாமியைச் சேவித்துவிட்டுப் பெரிய கோயிலுக்குச் சென்றோம். மகாதுவாரத்தின் நிலையைத் தாண்டத் தமக்கையாருக்குக் கால் மடங்கவில்லை. அத்தான் கைகொடுத்துத் தாண்டச் செய்தார்.